கண் அசரும் நேரம்

2024 ஜனவரி 28, ஞாயிறு அதிகாலை. குற்றாலத்தில் குளித்துவிட்டுப் புளியங்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு கார், தென்காசி மாவட்டம் சொக்கம்பட்டி பக்கம் எதிரே வந்த சிமெண்ட் லாரியில் நேருக்கு நேர் மோதியது. மணி மூன்றரையை ஒட்டி இருக்கும். காரில் இருந்த ஆறு பேரும் இறந்துபோனார்கள்; எல்லாருக்கும் ஒரே ஊர். வீடு போய்ச் சேர இன்னும் சில கிலோமீட்டர்தான் பாக்கி இருந்தது. ஓட்டியவர் கண் அசந்திருக்கலாம் என்பது அப்போதே எழுந்த சந்தேகம். ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல அந்தக் காரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

தூக்கத்தால் நேரும் விபத்துகள் பலவும் இப்படித்தான் முடிகின்றன. குடித்திருந்தால் ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும். செல்போனில் பேசியிருந்தால் அழைப்புப் பட்டியல் சொல்லிவிடும். தூக்கம் எந்தத் தடயத்தையும் விட்டுவைப்பதில்லை. ஓட்டியவர் பிழைத்திருந்தாலும் மோதிய அதிர்ச்சியில் முழுதாக விழித்துக்கொண்டிருப்பார். வழக்குக்குப் பயந்து டயர் வெடித்தது, மாடு குறுக்கே வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. தான் தூங்கியதே தெரியாமல் உண்மையாகவே குழம்பி நிற்பவர்களும் உண்டு. ஊருக்கெல்லாம் தெரிந்த ஒரு காரணம் அரசாங்கக் கணக்கில் ஏறாமல் போவது இதனால்தான்.

அந்தக் கார் வந்த சாலை 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. திருமங்கலத்தில் பிரிந்து டி.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை என்று மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டியே வந்து, ஆரியங்காவு கணவாய் வழியாகக் கொல்லம் போகிறது. பகலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பால்கோவா வாங்க நிறுத்தும் கார்களும் டவுன் பஸ்களுமாக இருக்கும். இரவு பத்து மணிக்கு மேல் சாலையின் குணமே மாறிவிடுகிறது. கேரளத்துக்குக் காய்கறியும் அரிசியும் வைக்கோலும் ஏற்றிய லாரிகள், சிவகாசிப் பண்டல்கள், சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணி, சென்னை ஆம்னி பஸ்கள் எல்லாம் இறங்கும். சாரல் தொடங்கினால் குற்றாலக் கூட்டம், அமாவாசை பௌர்ணமிக்குச் சதுரகிரிக் கூட்டம், கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்களின் வேன்கள். விடிய விடிய இயங்கும் இந்தச் சாலையில் வண்டி ஓட்டுகிறவரின் உடம்புக்கு மட்டும் இரவு என்பது இரவாகவே இருக்கிறது.

அந்த உடம்பைப் பற்றி அறிவியலுக்கு இப்போது நன்றாகவே தெரியும். இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழகத்தில் தூக்கத்தை ஆராய்ந்த ஜிம் ஹார்ன், லூயிஸ் ரெய்னர் இருவரும் 1995இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிரேக் பிடித்த தடம் இல்லாமை, வண்டி மெல்ல விலகிப் போய் மோதியிருப்பது போன்ற அடையாளங்களை வைத்து விபத்துகளைப் பிரித்துப் பார்த்தபோது, பெரிய சாலைகளில் சுமார் 16 சதவீதமும் மோட்டார்வே எனப்படும் விரைவுச் சாலைகளில் 20 சதவீதத்துக்கு மேலும் தூக்கத்தோடு தொடர்புடையவை என்று கண்டார்கள். அவை உச்சத்தைத் தொட்ட நேரங்கள் மூன்று: அதிகாலை 2 மணி, காலை 6 மணி, மாலை 4 மணி. மூன்றாவதை நம்மவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. கல்யாணச் சாப்பாடு முடித்துப் பிற்பகலில் ஊர் திரும்பும் வேன்கூட ஆபத்தான நேரத்தில்தான் ஓடுகிறது. சாப்பாடு ஒரு சாக்கு. சாப்பிடாவிட்டாலும் அந்த நேரத்தில் உடம்பின் கடிகாரம் ஒருமுறை சரியத்தான் செய்யும்.

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாசன், ரீட் இருவரும் 1997இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கணக்கு இன்னும் நேரடியானது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை, கண் ஒத்திசைவு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்குத் தளர்ந்துவிடுகிறது. 24 மணி நேரம் ஆனால் அது 0.10 சதவீதத்துக்குச் சமம். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு அனுமதிக்கும் எல்லை 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். ராஜபாளையத்தில் காலை ஐந்து மணிக்கு எழுந்து, நாள் முழுக்கக் கடையைக் கவனித்து, இரவு பத்து மணிக்குக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு புறப்படுகிறவர் ஒரு சொட்டுக் குடிக்காதவராக இருக்கலாம். திறமையைப் பொறுத்தவரை அவர் சட்டம் தடுக்கும் அளவைத் தாண்டித்தான் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார். செக்போஸ்ட்டில் ஊதச் சொன்னால் கருவி அவரைச் சுத்தமானவர் என்றே சொல்லும்.

மூளை முழுதாகத் தூங்கவும் வேண்டியதில்லை. சில நொடிகள் மட்டும் அணைந்து எரிவதை மருத்துவர்கள் குறுந்தூக்கம் என்கிறார்கள். கண் திறந்திருக்கும்போதே இது நேரலாம். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் போகிறது. நான்கு நொடியில் 88 மீட்டர். ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலின் பதினோரு நிலைக் கோபுரம் 192 அடி என்பார்கள். அதைப்போல் ஒன்றரை மடங்குத் தொலைவை வண்டி ஆளில்லாமல் கடந்துவிடுகிறது.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் இந்தியாவில் 4,61,312 விபத்துகள். 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்று தமிழ்நாடுதான் முதலிடம். இங்கே இறந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுக்க இறந்தவர்களில் ஏறத்தாழ 71 சதவீதம் ‘அதிவேகம்’ என்ற தலைப்பில் போகிறார்கள். விதிமீறல் அட்டவணையில் குடி உண்டு, செல்போன் உண்டு, தவறான பக்கம் ஓட்டியது உண்டு, சிக்னலை மீறியது உண்டு. தூக்கத்துக்குத் தனிக் கட்டம் இல்லை. கண் அசந்தவரின் கால் ஆக்சிலேட்டரிலேயே அழுந்திக் கிடந்தால், அந்தச் சாவும் வேகத்தின் கணக்கில்தான் சேரும். அமெரிக்காவிலும் நெடுநாள் இதே கதைதான். போலீஸ் பதிவேடுகளை நம்பி ஒன்றிரண்டு சதவீத விபத்துகளே தூக்கத்தால் நேர்கின்றன என்று சொல்லிவந்தார்கள். ஏஏஏ போக்குவரத்துப் பாதுகாப்பு அறக்கட்டளை, ஓட்டுநர் முகத்தை நோக்கி வைத்திருந்த கேமராக்களின் பதிவில் எழுநூறுக்கு மேற்பட்ட விபத்துகளின் கடைசி நிமிடங்களைப் பார்த்து 2018இல் வெளியிட்ட முடிவு 9.5 சதவீதம். பதிவேட்டுக்குத் தெரியாமல் பல மடங்கு ஒளிந்திருந்தது. நம் சாலைகளில் அப்படி ஒரு கணக்கெடுப்பு நடக்கும்வரை, காவல் நிலையத்து முதல் தகவல் அறிக்கையில் ‘ஓட்டுநர் கடைசியாக எப்போது தூங்கினார், எத்தனை மணி நேரமாக ஓட்டுகிறார்’ என்ற இரண்டு கேள்விகளையாவது சேர்க்கலாம். செலவில்லாத காரியம் இது.

சில விபத்துகள் மட்டும் விசாரணைவரை போய் வெளிச்சத்துக்கு வருகின்றன. 2020 பிப்ரவரி 20 அதிகாலை, பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போன கேரள அரசுப் பேருந்தின் மீது அவிநாசி அருகே டைல்ஸ் ஏற்றிய கண்டெய்னர் லாரி மோதியது. லாரி சாலை நடுவிலிருந்த தடுப்பைத் தாண்டி எதிர்ப்பக்கம் பாய்ந்திருந்தது. 19 பேர் இறந்தார்கள். டயர் வெடித்தது என்பது ஓட்டுநரின் முதல் பேச்சு. தூங்கிவிட்டதுதான் காரணம் என்பது கேரள மோட்டார் வாகனத் துறை அதிகாரிகளின் முடிவு. முந்தைய ஆண்டு ஜூலை 8 விடியற்காலையில் லக்னோவிலிருந்து டெல்லி போன உத்தரப் பிரதேச அரசுப் பேருந்து ஆக்ரா அருகே யமுனா விரைவுச் சாலையிலிருந்து வாய்க்காலுக்குள் விழுந்து 29 பேர் மாண்டபோதும் ஓட்டுநரின் தூக்கமே சந்தேகிக்கப்பட்டது. இரண்டுமே நேரான, அகலமான, குழியில்லாத சாலைகள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ராஜபாளையம் வட்டாரத்தில் தூக்கம் கெடுவதற்கு லாரிக்கும் முன்பே ஒரு காரணம் உண்டு. அது மில். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய காலம் முதல் நூற்பு இந்த ஊரின் வயிற்றுப்பாடு. ஸ்பின்னிங் மில்லின் கதிர்கள் இரவில் நிற்பதில்லை. ஷிப்ட் மாற மாற ஆளின் தூக்கமும் இடம் மாறுகிறது. நைட் ஷிப்ட் முடித்துச் சேத்தூர், தளவாய்புரம், சத்திரப்பட்டி என்று டூவீலரில் திரும்புகிறவர்கள், ஹார்னும் ரெய்னரும் குறித்த அந்தக் காலை ஆறு மணி வாக்கில்தான் சாலைக்கு வருகிறார்கள். அமெரிக்காவில் நைட் ஷிப்ட் பார்க்கும் 16 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முடிவு 2015இல் வெளியானது. பொதுச் சாலையிலிருந்து விலகிய தனித் தடத்தில், பக்கத்திலேயே ஒரு கண்காணிப்பாளரோடு இரண்டு மணி நேரம் கார் ஓட்டச் சொன்னார்கள். இரவு தூங்கி எழுந்து ஓட்டியபோது ஒரு பிசகும் இல்லை. ஷிப்ட் முடிந்து ஓட்டியபோது ஆறு பேர் மோதும் தறுவாய்க்குப் போனார்கள். ஏழு பேரின் ஓட்டத்தைப் பாதியிலேயே நிறுத்த வேண்டிவந்தது. கார் ஓட்டியவர்களின் நிலையே இது. டூவீலரில் போகிறவருக்கு ஒரு நொடி அசந்தாலும் தாங்கிப் பிடிக்கத் தகடுகூட இல்லை. மில் பஸ் என்பது ஏதோ வசதி என்றுதான் பலரும் பேசுகிறார்கள். நைட் ஷிப்ட் ஆட்களைப் பொறுத்தவரை அது ஒரு பாதுகாப்புக் கருவி. பஞ்சுத் தூசிக்கு முகக்கவசம் தருவதுபோல் அதையும் தொழிற்சாலை தந்தாக வேண்டும்.

பிரிட்டிஷ் சட்டப் புத்தகங்களில் 1945இல் தீர்ப்பான கே எதிர் பட்டர்வொர்த் என்றொரு வழக்கு உண்டு. தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துக் கார் ஓட்டி வீடு திரும்பியவர் தூங்கிப்போய், சாலையில் அணிவகுத்து நடந்த படைவீரர்கள் மீது மோதிவிட்டார். தூங்கியவன் செய்ததற்குப் பொறுப்பாவானா என்ற கேள்விக்கு உயர் நீதிமன்றம் தெளிவாக விடை சொன்னது: தூக்கம் வருவது தெரிந்ததும் அவர் நிறுத்தியிருக்க வேண்டும். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் 2003இல் ஒரு படி மேலே போனது. 24 மணி நேரம் தூங்காமல் ஓட்டி ஒருவரைக் கொன்றால் அதைப் பொறுப்பற்ற கொலைக்குற்றத்தோடு சேர்க்கும் சட்டத்தை, அப்படி ஓர் ஓட்டுநரால் 1997இல் கொல்லப்பட்ட மேகி மெக்டானல் என்ற கல்லூரி மாணவியின் பெயரிலேயே அழைக்கிறார்கள். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 186ஆம் பிரிவு நோயாலோ இயலாமையாலோ தகுதியற்ற நிலையில் ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. களைப்பு என்ற சொல் அதில் இல்லை. உரிமம் எடுக்கும்போது நிரப்பும் மருத்துவப் படிவத்தில் வலிப்பு, மயக்கம், கண் பார்வை, காது எல்லாம் கேட்கிறார்கள். இரவில் பலத்த குறட்டையும் மூச்சடைப்பும் உண்டா, பகலில் சொக்குகிறதா என்று யாரும் கேட்பதில்லை. எட்டு மணி நேரம் படுத்தும் தூக்கம் போதாத அந்த நோய், பருமனும் நடுவயதும் சேர்ந்த ஓட்டுநர்களிடம் சாதாரணமாகக் காணப்படுவது.

தண்டனையைக் கூட்டுவதால் மட்டும் இது தீராது. ஏன் நிறுத்தாமல் ஓட்டுகிறார்கள் என்ற கேள்வியை ஓட்டுநரிடம் கேட்டால் பதில் பேட்டாவில் போய் முடியும். நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசும் தொழிலில் நிறுத்தித் தூங்குவது கூலியைக் குறைக்கும் செயல். காய்கறி லோடு விடிவதற்குள் சந்தைக்குப் போயாக வேண்டும். பிந்தினால் சரக்கின் விலை சரியும், திட்டு ஓட்டுநருக்கு. கிளீனர் இருந்த காலத்தில் பேச்சுத்துணையாவது இருந்தது. இன்று பல லாரிகளில் ஒற்றை ஆள்தான். சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் பத்து நகரங்களில் 1,217 லாரி ஓட்டுநர்களிடம் விசாரித்து 2020இல் வெளியிட்ட அறிக்கையில், அவர்கள் சராசரியாக நாளுக்கு 12 மணி நேரம் ஓட்டுவது தெரியவந்தது. களைப்பிலும் தூக்கக் கலக்கத்திலும் ஓட்டுவதை ஏறத்தாழப் பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது. ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரை மணி ஓய்வும் சொன்னது. ஆனால் ஐந்து தொழிலாளர்களாவது உள்ள நிறுவனத்துக்குத்தான் அந்தச் சட்டம் பொருந்தியது. ஒரு வேன், ஒரு லாரி வைத்துத் தானே ஓட்டும் முதலாளி அதற்குள் வரவில்லை. ஒரு நாளைக்குக் கூப்பிடும் ஆக்டிங் டிரைவரும் வரவில்லை. நம் தெருக்களில் ‘டூரிஸ்ட்’ என்று எழுதி நிற்கும் வண்டிகள் பெரும்பாலும் இந்த இரு வகை. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆக வேண்டும். வண்டியிலுள்ள டேக்கோகிராஃப் கருவி அதைப் பதிவு செய்கிறது, சாலையில் அதிகாரி அதைப் படிக்கிறார். அங்கே கடைப்பிடிக்கப்படுவதற்குக் காரணம் விதியின் கண்டிப்பைவிட அந்தப் பதிவுதான்.

பக்தியிலும் கொண்டாட்டத்திலும் நாமே வலிய ஏற்படுத்தும் களைப்பு ஒன்று உண்டு. இதைச் சொல்லும்போது சிலர் மனம் நோகலாம், சொல்லாமல் விடுவதற்கில்லை. வேலை நாள் முழுதும் ஓட்டிவிட்டு வரும் டிரைவரை மாலையில் இருமுடி கட்டும் இடத்தில் காத்திருக்கவைத்து, இரவு கிளம்பி, அச்சன்கோவில் வழியோ புனலூர் வழியோ பம்பைக்குப் போய், தரிசனம் முடிந்து இறங்கியதும் ‘நாளைக்கு வேலைக்குப் போகணும் சாமி’ என்று உடனே திருப்புகிறோம். போகும்போது மலை ஏறியவர்கள் வரும்போது சீட்டில் சாய்ந்து தூங்குவார்கள். அந்த நேரம் மலைச் சாலையின் வளைவுகள் முடிந்து, செங்கோட்டைக்குப் பிறகு நேர்சாலை தொடங்கியிருக்கும். வளைவில் விழித்திருந்த கண் நேர்சாலையில்தான் சொக்கும். பின்னால் பதினைந்து பேர் தூங்கும் வண்டியில் முன்னால் இருப்பவருக்கும் தூக்கம் தொற்றுவது இயல்பு. அவர் பக்கத்தில் ஒருவர் விழித்து உட்கார்ந்து முறை மாற்றிக்கொள்வதைக் குருசாமிகள் விரத நெறியில் ஒன்றாகவே வைக்கலாம்.

கண் அசருபவரின் எதிரே சில நேரம் நடந்துபோகிறவர்களும் இருக்கிறார்கள். தைப்பூசத்துக்குத் திருச்செந்தூருக்கும் ஆடியில் இருக்கன்குடிக்கும் இந்த ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் பாதயாத்திரை போகிறார்கள். வெயிலுக்கு அஞ்சி இரவிலும் விடியற்காலையிலும் நடக்கிறார்கள். ஓட்டுநர் அதிகம் தடுமாறும் நேரமும் அதுவேதான். ஒளிரும் பட்டை பையில் ஒட்டுவது விழித்திருக்கும் ஓட்டுநருக்குத்தான் உதவும். பாதயாத்திரை நாள்களில் நடைக்கென்று சாலையின் ஓரத்தைத் தடுப்பு வைத்துப் பிரித்துத் தருவது மேலானது.

தூக்கம் விரட்டும் கைமருந்துகள் ஆளுக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள்: பாட்டைச் சத்தமாக வைப்பது, கண்ணாடியை இறக்குவது, பாக்கு, டீ. இரவு ரோந்துப் போலீசார் வண்டிகளை மறித்து முகம் கழுவச் சொல்லி அனுப்புவதும் தமிழ்நாட்டில் நடக்கிறது. நல்ல எண்ணம், அந்த நிறுத்தத்துக்கும் மனிதத் தொடுகைக்கும் பயன் உண்டு. ஆனால் தண்ணீரின் வேலை சில நிமிடங்களே. ஹார்னும் ரெய்னரும் குளிர்காற்றையும் ரேடியோவையும் சோதித்துப் பார்த்தார்கள், இரண்டும் நிலைக்கவில்லை. காப்பி குடிப்பதும், பதினைந்து நிமிடம் போல் தூங்குவதும் பலன் தந்தன. காப்பியைக் குடித்துவிட்டு உடனே சாய்ந்துகொள்வது நல்ல வழி. காப்பி ரத்தத்தில் ஏற அரை மணி நேரம் ஆகும், அதற்குள் குட்டித் தூக்கம் முடிந்திருக்கும். இதுவும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குத்தான். நாள் முழுதும் விட்ட தூக்கத்தைக் காப்பி ஈடு செய்யாது.

அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு வண்டியை எங்கே போடுவது என்பது அடுத்த கேள்வி. சாலை ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் லாரியே இன்னொரு கண் அசந்தவருக்கு எமன். திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் வரை இந்தச் சாலையை நான்கு வழியாக்கும் வேலையை எடுத்திருக்கிறார்கள். எதிரெதிர் மோதல் இதனால் குறையும் என்பது உறுதி. ஆனால் ஊர்களுக்கு வெளியே ஒரே சீராக நீளும் சாலை தூக்கத்தையும் கூட்டும்; பழைய சாலையில் ஊருக்கு ஊர் இருந்த டீக்கடைகளும் புறவழியில் இருக்காது. ஆகவே ஓரக் கோட்டில் சக்கரம் ஏறினால் தடதடக்கும் வரிப்பள்ளங்களும், விளக்கும் கழிப்பறையும் உள்ள லாரி நிறுத்தங்களும் சாலையோடு சேர்த்தே வர வேண்டியவை. பிறகு பார்க்கலாம் என்று விடுபவை அல்ல. வண்டிக்குள்ளும் சில மாற்றங்கள் தொடங்கியிருக்கின்றன. 2025இலிருந்து தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம். ஓட்டுநர் சொக்கினால் எச்சரிக்கும் கருவியைப் பேருந்துக்கும் லாரிக்கும் கட்டாயமாக்க 2025இல் மத்திய அரசு வரைவு விதி வெளியிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிகள் சாலையை விட்டுப் போகப் பல ஆண்டுகள் ஆகும்.

தமிழ்நாடு அரசு 2023இல் செய்த ஒரு காரியம் போதிய கவனம் பெறவில்லை. கட்டட விதிகளைத் திருத்தி, ஹோட்டல்களும் லாட்ஜுகளும் விருந்தினரின் ஓட்டுநர்களுக்குப் படுக்கும் இடமும் கழிப்பறையும் தர வேண்டும் என்றது. அதுவரை குடும்பம் அறையில் மின்விசிறிக்கடியில் தூங்கும்போது, டிரைவர் கொசுக்கடியில் வண்டி சீட்டை மடக்கிப் படுத்திருப்பார். விடிந்ததும் அவரை நம்பித்தான் எல்லாரும் மலைச்சாலையில் இறங்குவார்கள். விதி புத்தகத்தில் இருக்கிறது. குற்றாலத்திலோ திருச்செந்தூரிலோ அறை பதிவு செய்கிறவர் ‘வெந்நீர் வருமா’ என்று கேட்கும் அதே மூச்சில் ‘டிரைவருக்குப் படுக்கை உண்டா’ என்று கேட்டால் அது நடைமுறைக்கு வரும். மலைக்குப் போகும் வேனில் இரண்டாவதாக ஓர் ஆக்டிங் டிரைவரை ஏற்றினால் அவருடைய ஒரு நாள் கூலியைப் பதினைந்து பேர் பங்கிட்டுக்கொள்ளலாம். சென்னைக்குப் போகிறவர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் நின்று போகும் பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. இரவு முழுக்கக் காரை ஓட்டிப்போய் மறுநாள் காலைக் கல்யாணத்துக்கு நிற்க வேண்டிய அவசியம் எல்லாருக்கும் இல்லை.